நூருல்லா பாயின் கம்ப்யூட்டர் பவுன்

ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பால் தயிர் அலமாரிக்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் நின்ற மனிதர், ஒரு வழியாக ஊருக்கு வந்து சேர்ந்தால் முதலில் என்ன செய்வார்? வீட்டு அடுப்படியில் கை வைப்பார். நூருல்லா பாயும் அதைத்தான் செய்தார். வந்த மறுநாளே டப்பாக்களையெல்லாம் இறக்கி, பழைய சாமான் முன்னால், புதுச் சாமான் பின்னால் என்று அடுக்கி, ஒவ்வொன்றின் முகத்தையும் வாசல் பக்கம் திருப்பி வைத்தார். உப்பு விளைகிற மரக்காணத்தில் பிறந்து வளர்ந்தும் உப்புப் பாக்கெட்டில் காலாவதி தேதி தேடிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"உப்பு கெட்டுப் போவுமாங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி சைத்தூன் பீவி.

"எதுவா இருந்தாலும் ஒரு தேதி இருக்குது புள்ள. அதத் தாண்டி வெச்சிருக்கக் கூடாது."

 அவர் தொழுகைக்குப் போனதும் சைத்தூன் பீவி டப்பாக்களைப் பழையபடி மாற்றி வைத்தாள். அவர் வந்து மறுபடி மாற்றினார். மிளகாய்த்தூள் டப்பா மட்டும் அந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை வீடு மாறியது என்று அதற்கே தெரியாது.

இது 2006-ஆம் வருஷத்து மாசி மாதம். பாய் கையில் ஷார்ஜா முதலாளி அர்பாப் கொடுத்தனுப்பிய செட்டில்மென்ட் பணம் முழுசாக இருந்தது. ஊருக்கே அது தெரிந்திருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்கச் சொன்னார் ஒருத்தர். கோழிப்பண்ணை வைக்கச் சொன்னார் இன்னொருத்தர். முடி வெட்டப் போன இடத்தில் பாதி தலையோடு உட்கார வைத்து, கேன் தண்ணி ஏஜென்சி பற்றி ஒரு பிரசங்கமே நடந்தது. பாங்கில் போட்டால் வட்டி வரும், வட்டி ஹராம். அதனால் பாங்கு இல்லை.

பாய்க்கு உள்ளுக்குள் வேறு ஒரு வைராக்கியம் இருந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் சொன்ன இடத்தில் நின்று, அடுத்தவன் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டவர் அவர். மாசா மாசம் அனுப்பிய காசில் மகள் நஸ்ரியாவின் கல்யாணம் நடந்தது, வீடு கட்டினார்கள், எல்லாம் சைத்தூன் பார்த்துக்கொண்டாள். இந்த ஒரு பணத்தையாவது தானே பார்க்க வேண்டும், ஒருத்தர் வாயையும் கேட்கக் கூடாது என்பது அவர் முடிவு. அதில் தப்பு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். அர்பாப் வழியனுப்பும்போது தோளைத் தட்டி, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வா என்று சொல்லியிருந்தார். அவர் அன்பாகத்தான் சொன்னார். பாய்க்கோ அது மிரட்டல் மாதிரிக் கேட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பாலகுரு என்பவன் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். சைத்தூனின் தம்பி அஷ்ரப் இன்னமும் ஷார்ஜாவில்தான் இருந்தான். அவனோடு கேமராவில் பேசுவதற்காகப் பாய் அங்கே போவார். அப்படிப் போன ஒரு நாளில்தான் பாலகுரு அந்தக் கம்ப்யூட்டர் பவுனைக் காட்டினான். ஏதோ ஒரு தீவில் கம்பெனி. காசு கட்டினால் உங்கள் பேரில் தங்கம் வாங்கி, எங்கோ ஒரு பெட்டகத்தில் வைப்பார்கள். உங்கள் கணக்கில் இத்தனை பவுன் என்று திரையில் தெரியும். வேண்டாமென்றால் அங்கேயே விற்றுக்கொள்ளலாம்.

"வட்டி?" என்றார் பாய் உஷாராக.

"வட்டி கெடையவே கெடையாது பாய். தங்கம் ஏறுனா ஏறும், எறங்குனா எறங்கும். அவ்ளோதான்."

"மாஷா அல்லாஹ்!" என்று பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு இடைஞ்சல். கணக்குத் திறப்பதற்கென்று கம்பெனி தனியாக ஒரு தொகை கேட்டது. அதை நினைத்து நினைத்து மனம் ஆறாமல், பாய் தன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் பலராமனைப் போய்ப் பார்த்தார். பலராமன் உப்பளத்துக்காரர். முட்டி வலி வந்து, உப்பளத்தைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, வயசு காலத்துக்கு என்று கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வைத்திருந்தார். அவரும் இதே ஜாதிக் கஞ்சன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கணக்கு திறந்தால் அந்தத் தொகையில் பாதி மிச்சம் என்றதும் பலராமனுக்கு முட்டி வலி போன இடம் தெரியவில்லை.

ஆனால் பலராமன் ஒரு நிபந்தனை போட்டார். பாலகுரு பாஸ்வேர்டைப் பற்றிச் சொன்னபோதுதான் அது வந்தது.

"நல்லா கேட்டுக்கங்க," என்றான் பாலகுரு. "பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னா பவுனும் போச்சு. என் கால்ல வுழுந்தாலும் வராது, கம்பெனிக்காரன் கால்ல வுழுந்தாலும் வராது. யாரு கையில பாஸ்வேர்டு இருக்குதோ, அவங்களுதுதான் பவுனு. வேற கேள்வி கெடையாது."

"அப்போ அம்பாரத்துல செய்யிற மாதிரி செஞ்சிருவோம்," என்றார் பலராமன்.

அவர்கள் வழக்கம் அது. இரண்டு பேர் கூட்டாக உப்பு வாங்கிக் குவித்து வைத்தால், அந்த அம்பாரத்தின் மேல் இரண்டு பேரும் ஆளுக்கொரு மரக்கட்டையைச் சாம்பலில் தோய்த்துத் தங்கள் குறியைப் போடுவார்கள். ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தர் ஒரு கூடை அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிரிப்பதென்றால் இரண்டு பேரும் நிற்க வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் அப்படித்தான்.

"பாதி பாஸ்வேர்டு நான், பாதி நீ. என்னுது உனக்குத் தெரியக் கூடாது, உன்னுது எனக்குத் தெரியக் கூடாது."

"டேய், என்ன நம்பலையாடா நீ?"

"நம்புறேன். அதுக்குத்தான் குறி."

பாலகுரு தலையில் அடித்துக்கொண்டான். முதலில் பாய் உட்கார்ந்தார். பலராமன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அதுவும் போதாதென்று பாய் தன் தோள் துண்டை எடுத்துத் தலையோடும் கீபோர்டோடும் சேர்த்து மூடிக்கொண்டு, வேது பிடிக்கிற ஆள் மாதிரி உள்ளேயிருந்து தட்டினார். பிறகு பலராமன் அதே துண்டுக்குள் நுழைந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் "ம்ஹும்... ம்..." என்று சத்தம் வந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு டீச்சரம்மா வாசலோடு திரும்பிப் போய்விட்டார்.

இதில் அவர்கள் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. பவுனை விற்பதற்கு மட்டுமில்லை, சும்மா பார்ப்பதற்கே பாஸ்வேர்டு வேண்டும். அதனால் தினமும் இரண்டு பேரும் ஜோடியாக வந்தார்கள். துண்டுக்குள் ஒருத்தர், சுவரைப் பார்த்து ஒருத்தர். திறந்ததும் இரண்டு தலையும் திரைக்கு முன்னால் முட்டிக்கொள்ளும். "ஏறிட்டுது!" "ஏறிட்டுதுடா!" பிறகு டீ. பங்குனி போய்ச் சித்திரை வந்தது. தங்கம் ஏறு ஏறென்று ஏறியது. ஊரில் கம்ப்யூட்டர் பவுன் வாங்கிய நாலைந்து பேரும் மிதந்துகொண்டுதான் நடந்தார்கள்.

"இருக்குது இருக்குதுன்றீங்க. எங்க இருக்குது?" என்று வீட்டில் சைத்தூன் கேட்டாள்.

"தீவுல."

"எந்தத் தீவுல?"

"அது... பெரிய தீவு."

"கோட்டக்குப்பத்துல என் சின்னாத்தா பேத்தி நிக்காஹ் வருது. கையில போட்டுக்கிட்டுப் போவ ஒரு வளையலு இருக்குதா எனக்கு? நஸ்ரியா கல்யாணத்துக்குக் கழட்டிக் குடுத்த கை, இன்னிக்கு வரைக்கும் மொட்டையா கெடக்குது."

"தங்கத்தப் போட்டுக்கறது பழைய காலம் புள்ள. இப்ப தங்கத்த வெச்சிக்கறது," என்று பாய் டிவியில் மார்க்கெட் செய்தியைச் சத்தமாக வைத்தார்.

சண்டை சித்திரைக் கடைசியில் வந்தது. திரையில் விலையைப் பார்த்ததும் பாய் நெஞ்சில் கை வைத்தார். "போதும்டா. இன்னிக்கே வித்துடுவோம்."

பலராமன் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மழைக்கு முன்னாடியா?"

"மழைக்கும் இதுக்கும் என்னடா?"

"ஏம்பா, எவனாவது சித்திரையில உப்ப விப்பானா? ஐப்பசி வரட்டும். நாலு மழை பேயட்டும். பாத்தியெல்லாம் முழுவட்டும். அப்போதான் சரக்கு இருக்கிறவன் ராஜா."

"இது உப்பு இல்லடா, தங்கம்! எந்தச் சரக்கா இருந்தாலும் ஒரு தேதி இருக்குது. அலமாரியில ரொம்ப நாளு இருந்தா புளிச்சிப்போயிரும்."

"தங்கம் புளிக்குமாடா? பால் பாக்கெட் அடுக்குன புத்தி உனக்கு!"

"உனக்கு மட்டும் என்னவாம்? உப்பத் தவிர ஒலகத்துல ஒண்ணு தெரியுமா உனக்கு? தங்கம் மழையில கரையுதுன்னு ஓலை போட்டு மூடுவியே!"

தங்கத்தைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது என்பதை அவர்களிடம் யார் சொல்வது? பாலகுரு சொல்லிப் பார்த்தான். இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள். அன்றைக்கு அவர்கள் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அதுதான். பலராமன் கிழக்கே போனார், பாய் மேற்கே போனார். பாதி பாஸ்வேர்டு உப்பளத்துக்குப் போயிற்று, பாதி பள்ளிவாசல் தெருவுக்கு.

அதற்குப் பிறகு பாய் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக் கூடாது. பவுன் இருக்கிறது, பார்க்க முடியாது. வைகாசியில் தங்கம் சரிந்துவிட்டதென்று டிவியில் சொன்னார்கள். பாய் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஆனியில் இன்னும் சரிந்தது என்றார்கள். பாய்க்குத் தூக்கம் போயிற்று. டிவிக்கு முன்னால் போட்ட நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. சைத்தூன் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பாள், எடுப்பாள். பலராமனுக்கும் சொகுசு ஒன்றுமில்லை. அவர் வரப்பின் மேல் உட்கார்ந்து, மழை வருகிறதா என்று நாள் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் போய்ப் பேசுவது யார்? "அவன் வரட்டும்" என்று இவர். "அவன் வரட்டும்" என்று அவர்.

கையிருப்புக் கரைந்தது. ஆடி மாதக் கடைசியில் அஷ்ரப் போன் செய்தான். "மச்சான், அர்பாப் கேக்குறாரு. பால் செக்‌ஷனுக்கு ஆளு வேணுமாம். வர்றீங்களா இல்லியா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். இல்லன்னா வேற ஆளு போட்ருவாரு."

அன்றைக்குப் பாய் உப்பளத்துக்கு நடந்தார். வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசின. பலராமன் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பாயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாயும் பலராமனிடம் பேசவில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பம்பைப் பார்த்துச் சொன்னார்:

"ஒருத்தர் கொஞ்சம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா நல்லா இருக்கும்."

பலராமனும் பம்பைப் பார்த்தார். "ஐப்பசி இன்னும் வரலியே."

"ஒருத்தருக்கு ஐப்பசி வரைக்கும் நேரமில்ல."

"ஏன், பால் புளிச்சிருமா?"

பாய்க்கு அதற்கு மேல் பம்பிடம் பேச முடியவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.  "டேய் பலராமா, எனக்குப் போவ வேணாம்டா. கெழவனாயிட்டேன். அந்த ஏசி குளுர்ல நின்னு நின்னு கையெல்லாம் வெறைக்குதுடா. ஒரு ரூமுல எட்டுப் பேரு. நோன்பு தொறக்கறப்போ பக்கத்துல யாருன்னே தெரியாது. இங்க என் பொண்டாட்டி என்னத் திட்டுறா, ஊரே என்னக் கிண்டல் பண்ணுது. அது போதும்டா எனக்கு. போவ வேணாம்டா."

பலராமன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா? பெரிய இவன் மாதிரி பம்புகிட்ட பேசிக்கினு இருக்கிற. வா போலாம்."

இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் பாலகுருவின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"கரண்ட் இல்ல பாய்," என்றான்.

அவன் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். பாலகுரு மறுபேச்சில்லாமல் கம்ப்யூட்டரைப் போட்டான். பாய் துண்டை எடுத்தார். பலராமன் பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பினார். துண்டுக்கே வேலை வரவில்லை. பாஸ்வேர்டு கேட்கும் பக்கமே வரவில்லை. வெள்ளைத் திரை மட்டும் வந்தது. பாலகுரு நாலு தடவை தட்டிக் காட்டினான்.

"கம்பெனிக்காரன் கடைய சாத்திட்டான் பாய். பத்து நாளாச்சு. போட்டவங்க எல்லாருக்கும் இதே கதிதான். இப்ப அந்தத் தீவே எங்க இருக்குதுன்னு யாருக்கும் தெரில."

பலராமன் தரையில் உட்கார்ந்தார். பாய் உட்காரவில்லை. பாலகுரு என்னவோ சொல்ல வாயெடுத்து, "நீங்க ரெண்டு பேரும் மொதல்ல வூட்டுக்குப் போங்க பாய், வூட்ல பேசுங்க," என்று மட்டும் சொன்னான். அது பாயின் காதில் விழவில்லை. அவருக்கு அந்த நேரத்தில் குளிர்ந்த அலமாரியின் கண்ணாடிக் கதவு திறந்து மூடும் சத்தம்தான் கேட்டது.

வீட்டுக்கு வந்தார். பரணில் இருந்த பெட்டியை இறக்கினார். ஒட்டடையைத் தட்டினார். இரண்டு சட்டையை மடித்து வைத்தார். சைத்தூன் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"ஷார்ஜாவுக்கு." அவர் தலையைத் தூக்கவில்லை. "எல்லாம் போச்சு சைத்தூனு. பவுனு போச்சு. கம்பெனியே போச்சு. யாரும் வாய் வெக்கக் கூடாதுன்னு நானே பார்த்தேன், நானே கெடுத்தேன்."

"போவணும்னு ஆசையா உங்களுக்கு?"

"போயே ஆவணும்."

"அத கேக்கல. ஆசையான்னு கேட்டேன்."

பாய் மூன்றாவது சட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு லீவு முடியும்போதும் போய் வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். இதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"இல்ல," என்றார். "எனக்குப் போவ வேணாம். உன்ன வுட்டுட்டு இனிமே எங்கயும் போவ வேணாம்."

அவ்வளவுதான். சைத்தூன் பீவி அவர் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கிக் கொடியில் எறிந்தாள். எறிந்த கை அவர் மூக்குக்கு நேராகப் போயிற்று. அந்தக் கையில் வளையல்கள் கலகலவென்று சத்தம் போட்டன. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம் வரைக்கும் தங்க வளையல். மற்ற கையிலும் அதே அளவுக்கு.

பாய் வளையலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் வளையலைப் பார்த்தார்.

"இது... எப்போலேர்ந்து?"

"சின்னாத்தா பேத்தி நிக்காஹ்லேர்ந்து. வைகாசி பொறந்ததும் நடந்துச்சே. நீங்க ரெண்டு பேரும் முறுக்கிக்கினு போன ரெண்டாம் நாளு நானும் சின்னப்பாப்பாவும் பாலகுரு தம்பி கடைக்குப் போய் எல்லாத்தையும் வித்து, அது மூலமாவே காசும் வாங்கிட்டோம்." சின்னப்பாப்பா என்பது பலராமனின் மனைவி. "அவ பங்குக்குக் காசு மாலை, என் பங்குக்கு வளையலு. புதுச்சேரியில வாங்குனோம். ஒரு குன்றிமணி கொறையாம எல்லாம் இருக்குது."

"பாஸ்வேர்டு?"

"அது ஒரு பெரிய ரகசியமாக்கும்! இந்த வூட்டு போன் நம்பர வுட்டா உங்களுக்கு ஒலகத்துல வேற என்ன நம்பரு தெரியும்? வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை அத அழுத்தி அழுத்தியே உங்க விரலு தேஞ்சி போச்சு. பலராமன் அண்ணன் போட்டது அவரு வண்டி நம்பரு. சின்னப்பாப்பா மொதல் தடவையே அடிச்சிட்டா. பாலகுரு தம்பி முழிச்சிக்கினு நின்னுது. பாஸ்வேர்டு யாரு கையில இருக்குதோ அவங்களுதுதான் பவுனுன்னு அதுதான சொல்லிச்சாம், நீங்களே வந்து சொன்னீங்க. வாயத் தொறக்கக் கூடாதுன்னு பிரியாணி போட்டு அனுப்புனோம்."

"விலை உச்சியில இருக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? நிக்காஹ் அன்னிக்குக் கையில வளையலு இருக்கணும். அதுதான் தெரியும்."

பாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். இவர் வெண்ணெய் வைத்திருந்த கையே பரிமாறிய சோற்றைத் தின்றுகொண்டே அலைந்திருக்கிறார். "அப்புறம் ஏன் புள்ள சொல்லல? நான் இத்தன மாசம் செத்துப் பொழைச்சேனே!"

சைத்தூனின் குரல் இப்போதுதான் உடைந்தது. "ஒளிச்சா வெச்சேன்? இந்தக் கையாலதான உங்களுக்கு மூணு வேளையும் சோறு போட்டேன்? பார்த்துட்டுக் கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். யாரு புருசன் மொதல்ல பார்ப்பாங்கன்னு நானும் சின்னப்பாப்பாவும் பந்தயம் கட்டுனோம். ரெண்டு பேரும் தோத்துட்டோம். அத்தன வருசம் போன்ல பார்க்காம பேசுனீங்க, சரி, தூரத்துல இருந்தீங்க. இப்ப எதிர்லயேதான இருக்கேன்? இப்பவும் என்னப் பார்க்கலியே நீங்க."

 பாய் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார். அவள் கை இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுப்புச் சூடு பட்ட தழும்பு ஒன்று இருந்தது. அது எப்போது பட்டது என்று கேட்டார். அவள் சொன்னாள். அதற்கு மேலே இன்னொன்று இருந்தது. அதையும் கேட்டார்.

போன் அடித்தது. அஷ்ரப்பாகத்தான் இருக்கும். பாய் எழுந்திருக்கப் போனார். சைத்தூன் ஒரு கையை மட்டும் உருவிக்கொண்டு, எட்டி ரிசீவரை எடுத்தாள்.

"அஷ்ரப்பா? உங்க மச்சான் வரலடா. அர்பாப்புகிட்ட வேற ஆளு பார்த்துக்கச் சொல்லு... இல்லடா, நல்லாத்தான் இருக்காரு. அவுருக்கு இங்கயே வேலை கெடைச்சிருச்சி." அவள் பாயைப் பார்த்தாள். "சம்பளமெல்லாம் கெடையாது. இன்னிக்குத்தான் சேர்ந்திருக்காரு. அப்புறமா பண்ணு, இப்ப டூட்டியில இருக்காரு."